ரெண்டாம் தரம்

போன வருஷம் முப்பது.
கையில் பிடித்தால் சாயம் ஒட்டும் ரோஸ் சீட்டு,
பின்பக்கம் சீயக்காய் விளம்பரம்.
மூங்கில் கேலரியில் இடுப்போடு இடுப்பு ஒட்டி
ஒருத்தன் ஒன்றுக்குப் போக எழுந்தால்
பதினோரு பேர் எழ வேண்டும்.

இந்த வருஷம் நூற்றைம்பது.
பிளாஸ்டிக் நாற்காலி, மேலே பந்தல்,
மணிக்கட்டில் சுற்ற மஞ்சள் காகிதப் பட்டை,
ஆஸ்பத்திரியில் சேர்த்தவனுக்குக் கட்டுவது மாதிரி.
ராயக்கோட்டை ரயில்வே கேட் பக்கத்தில்
விலைப் பலகையைப் பார்த்தபடி
அரை மணி நேரம் நின்றோம்.
"ஒரு சைபர் கூடிப்போச்சு, பெயிண்டர் தப்பு" என்றான் அப்சல்.
அவன் நல்லவன்.
ஆஃப்சைடு கொடி தூக்குகிறவனைக்கூட நம்புவான்.

சின்னத்திம்மனுக்கு எல்லாக் கணக்கும்
தக்காளியில்தான் வரும்.
பதினைந்து கிலோப் பெட்டி இன்றைக்கு எழுபது.
போன் ரீசார்ஜ் ஐந்து பெட்டி.
மகளுடைய ஸ்கூல் வேன் பதினொன்று.
ஒரு மேட்ச் இரண்டு பெட்டி,
போக, பத்து ரூபாய் கடன்.
"அரையிறுதி, இறுதின்னு போனா
ஓடையோரக் கழனி முழுக்க இவனுக்குத்தான்."

கேட்டுவிடுவது என்று போனோம்.
கவுண்டரில் கமிட்டித் தலைவர்.
காலையில் மண்டியில்
எழுபது எழுபது, ஒரு தரம் என்று
எங்கள் பெட்டியை ஏலம் விட்ட அதே வாய்.
"மலப்புரத்திலிருந்து ரெண்டு பேரு,
நைஜீரியாக்காரன் ஒருத்தன், இறக்கியிருக்கு.
ஃபோகஸ் லைட்டுக்கு டீசல் யாரு ஊத்துவா?
வெலய நானாப்பா வெக்கிறேன்?
மார்க்கெட் வெக்குது."

அந்த மார்க்கெட்டை எங்களுக்குத் தெரியும்.
காலையில் இறக்கும், சாயங்காலம் ஏற்றும்.
சுமைகூலி இரண்டு வேளையும் எங்களோடது.

சின்னத்திம்மன் ஒன்றும் பேசவில்லை.
மொபெட்டிலிருந்து இரண்டு பெட்டியைத் தூக்கி வந்து
கவுண்டர் மேல் வைத்தான்.
"ஒரு டிக்கெட். பத்து ரூபா நாளைக்கித் தரேன்."

யாரும் சிரிக்கவில்லை.
தலைவர் ஒரு பழத்தை எடுத்து
கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார், பழக்கதோஷம்.
"ரெண்டாம் தரம்" என்றார்.

அப்புறம்தான் சிரித்தோம்.
வரிசையே சிரித்தது, அவரும் சிரித்தார்,
டிக்கெட் மட்டும் கொடுக்கவில்லை.

கோட்டைப் பாறையில் ஏறினோம்.
பதினேழு பேர், ஒரு தப்பட்டை, இரண்டு பெட்டி.
பாறை இன்னும் சுட்டது.
மேலிருந்து பார்த்தால் மைதானம்
தீப்பெட்டி லேபிள்.
பந்து தெரியாது.
ஆட்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ
அங்கே இருக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.
ஒருவன் விழுந்து, எழுந்து,
மண்ணையும் தட்டிவிட்ட பிறகு
அவனுக்கான விசில் எங்களிடம் வந்து சேரும்.
பந்தலுக்குள் எத்தனை பேரோ தெரியவில்லை.
கைதட்டல் வந்தது,
மொய் எழுதிவிட்டுப் பந்திக்குக் காத்திருப்பவர்கள்
தட்டுகிற மாதிரி.

நாங்கள் தேடியது நஞ்சப்பனை.
எங்கள் ரைட் பேக், பஸ் ஸ்டாண்டில் பஞ்சர் ஒட்டுகிறவன்.
வெளியூர்க்காரர்கள் வந்ததும்
அவனை உட்கார வைத்துவிட்டார்களா,
ஆடுகிறானா?
இடது தோளைத் தாழ்த்தி ஓடும் அந்த ஓட்டம்
எத்தனை தூரத்திலும் தெரியும் என்று
வருஷம் முழுக்கப் பேசியிருக்கிறோம்.
"அதோ" என்றான் அப்சல்.
பதினேழு பேரும் பார்த்தோம்,
பதினேழு புள்ளிகளை.

ஒரு கோல் விழுந்தது.
யாருடையது என்று தெரியவில்லை.
அப்சல் கத்திவிட்டான், எனவே நாங்களும் கத்தினோம்,
தப்பட்டை பாறையில் மோதித் திரும்பி வந்தது.
தப்பாகக் கத்தியிருந்தால்
விடிகாலை மண்டியில் சொல்லிவிடுவார்கள்.
கீழே ஒரு புள்ளி நின்று
இந்தப் பக்கம் திரும்பின மாதிரி இருந்தது.
எதிரணி ஆளாகவும் இருக்கலாம்.

சின்னத்திம்மன் சட்டைப் பையிலிருந்து
உப்புப் பொட்டலத்தைப் பிரித்தான்.
சாறு முழங்கை வரை வழிந்தது.
ஒரு பெட்டி காலியாகும்போது
இடைவேளை விசில் வந்தது.